ஜெர்மனியில் உக்ரைன் மக்கள்: தங்குவதா, திரும்புவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் முழு அளவில் நுழைந்தன. அடுத்த சில வாரங்களில் பெர்லின் மத்திய ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவர்களில் பலர், கோடை விடுமுறைக்குள் ஊர் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில்தான் வந்தார்கள். ஒரு சின்னப் பெட்டி, பிள்ளைகள், சிலரிடம் பூனை. அவர்களுடைய பிள்ளைகள் இன்று ஜெர்மன் மொழியில் கணக்குப் பரீட்சை எழுதுகிறார்கள். இந்தப் பக்கம் ஜெர்மனியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒப்பிட்டால் விளங்கும் இடங்களில் போலந்து எட்டிப் பார்க்கும்.

இவர்கள் சட்டப்படி அகதிகள்தானா?

பேச்சுவழக்கில் ஆம், சட்டத்தில் இல்லை. 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி அகதி என்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பித்து, தனக்கு நேரும் ஆபத்தை விளக்கி, அதிகாரி நம்பும்படி நிரூபிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். உக்ரைன் மக்களை அந்த வரிசையில் நிறுத்தவே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் எழுதி அலமாரியில் வைத்திருந்த ஒரு சட்டம் இருந்தது: தற்காலிகப் பாதுகாப்பு ஆணை. போஸ்னியா, கொசோவோ போர்களின்போது லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்ததைப் பார்த்து, இனி இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று வகுத்து வைத்தது. இருபது ஆண்டுகளாக அதை யாரும் தொடவில்லை, 2015இல் சிரியர்கள் வந்தபோதுகூட. 2022 மார்ச் 4 அன்றுதான் முதல் முறையாக எடுத்தார்கள். போர் தொடங்கி எட்டே நாளில்! பிரஸ்ஸல்ஸ் நடைமுறை தெரிந்தவர்களுக்கு இந்த வேகம் எவ்வளவு அபூர்வம் என்று புரியும்.

இதன்படி விசாரணை கிடையாது. உக்ரைன் குடியுரிமையும், போர் தொடங்கிய சமயத்தில் அங்கே வசித்ததற்கான சான்றும் போதும். ஜெர்மனியில் வதிவிடச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ் அனுமதி கிடைக்கும். முதல் நாளிலிருந்தே வேலைக்குப் போகலாம், தொழில் தொடங்கலாம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம். குறை ஒன்றே ஒன்று: பெயரிலேயே இருக்கும் ‘தற்காலிகம்’. முதலில் ஓராண்டு என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள், மறுபடி நீட்டித்தார்கள். இப்போதைய கெடு 2027 மார்ச் 4.

எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்? யார் அவர்கள்?

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தற்காலிகப் பாதுகாப்பில் இருப்போர் 40 லட்சத்துக்கும் மேல். அதில் ஜெர்மனியில் மட்டும் சுமார் 12 லட்சம். அடுத்து போலந்து, பிறகு செக் குடியரசு. மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் செக் நாட்டின் சுமைதான் பெரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2022 கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஜெர்மன் ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய பெரிய கணக்கெடுப்பில், வந்திருந்த வயதுவந்தோரில் 80 சதவீதம் பெண்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கணவனோ துணைவனோ இல்லாமல் வந்தவர்கள். கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள். 72 சதவீதத்தினர் உயர்கல்வி முடித்தவர்கள். படித்த, தனியாக வந்த, கையில் குழந்தையோடு இருக்கும் பெண். பின்வரும் பல பதில்களைப் படிக்கும்போது இந்த உருவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போகலாமா?

போகலாம். 2017 முதலே உக்ரைன் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 90 நாள் விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளுக்குள், அதாவது ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளுக்குள், வர முடியும். அதனால் எங்கே பதிவு செய்வது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். சொந்தக்காரர் இருக்கும் ஊர், தெரிந்தவர் சொன்ன ஊர்.

ஜெர்மனிக்குள் வந்தபின் அந்தச் சுதந்திரம் சுருங்கும். மாநிலங்களின் வரி வருவாயையும் மக்கள்தொகையையும் வைத்துப் போட்ட ஒரு விகிதக் கணக்கு உண்டு. அதன்படி ஆட்களைப் பிரித்து அனுப்புவார்கள். உதவித்தொகை வாங்குபவர் ஒதுக்கப்பட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தால் விடுவிப்பார்கள்.

அனுமதி அட்டையில் தேதி முடிந்திருக்கிறது. அப்படியானால் அவர் சட்டவிரோதமாக இருக்கிறாரா?

இல்லை. பத்து லட்சம் அட்டைகளைத் திரும்ப அச்சடிக்க வெளிநாட்டவர் அலுவலகங்களால் முடியாது. அதனால் அட்டையில் அச்சிட்ட தேதி என்னவாக இருந்தாலும் அனுமதி தானாக நீளும் என்று 2023 இறுதியில் ஓர் அரசாணை போட்டார்கள்; அதையே ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். சட்டம் சுத்தமாக இருக்கிறது. வங்கி ஊழியருக்கும் வீட்டுக்காரருக்கும் அது தெரியாது என்பதுதான் சிக்கல். காலாவதியான அட்டையை நீட்டி, கூடவே அரசாணையின் நகலையும் நீட்டி, ‘இது செல்லும்’ என்று அரைகுறை ஜெர்மனில் விளக்குவது அவர்களுக்குப் பழகிவிட்டது. வேலை கொடுக்க நினைத்த முதலாளி, அட்டையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினால் அதை யாரிடம் முறையிடுவது?

மாதம் எவ்வளவு பணம் கொடுக்கிறார்கள்? அது நியாயமா?

வந்த புதிதில் புகலிடம் கோருவோருக்கான குறைந்த தொகைதான். 2022 ஜூன் 1 முதல் அவர்களை வேலையில்லாத ஜெர்மானியர் வாங்கும் அடிப்படை உதவித் திட்டத்துக்கு மாற்றினார்கள். 2023இல் அதற்கு பியூர்கர்கெல்ட் என்று பெயர் வைத்தார்கள். 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் தனி நபருக்கு மாதம் 563 யூரோ. வாடகையும் குளிர்கால வெப்பச் செலவும் வரம்புக்குட்பட்டுத் தனியாக. மருத்துவக் காப்பீடும் உண்டு. புகலிடம் கோரும் தனி நபருக்கு 2025இல் 441 யூரோ.

இந்த மாற்றத்துக்குப் பணத்தைவிட முக்கியமான விளைவு ஒன்று இருந்தது. அதுவரை நகராட்சியின் சமூகநல அலுவலகம் பார்த்துக்கொண்ட ஆட்கள், அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப் சென்டரின் பொறுப்பானார்கள். மொழி வகுப்புக்கு அனுப்புவது, சான்றிதழை அங்கீகரிக்கச் செலவு தருவது, வேலை தேடித் தருவது எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன.

தேர்தல் மேடைகளில் இது நல்ல தீனி. ‘வேலைக்குப் போகாமல் நம் வரிப்பணத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்ற பேச்சு வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியிலிருந்து தொடங்கி, பவேரியாவின் முதல்வர் மார்க்குஸ் ஸோடர் வரை ஒலித்தது. 2025இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி, அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வந்தவர்களைப் பழையபடி குறைந்த தொகைக்கே மாற்றுவதாகத் தன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டது. இதில் மிச்சமாகும் பணம் பெரிதாக இருக்காது என்பது என் கணிப்பு. மத்திய அரசின் கணக்கிலிருந்து மாநில, நகராட்சிக் கணக்குக்குச் செலவு இடம் மாறும். ஜாப் சென்டரோடு இருந்த தொடர்பு அறுந்துபோவதுதான் உண்மையான இழப்பு.

படித்தவர்கள்தானே? வேலைக்குப் போக அனுமதியும் உண்டு. ஏன் இத்தனை பேர் வேலையில் இல்லை?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்பவர் தொனியில் பாதி நேரம் குற்றச்சாட்டும் இருக்கும். 2022இல் வேலை பார்த்தவர்கள் 17 சதவீதம். 2024 வாக்கில் அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. அதற்குப் பின்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. போலந்தில் பாதிக்கும் மேற்பட்டோர் முன்னமே வேலையில் சேர்ந்துவிட்டார்கள். அதைக் காட்டித்தான் ஜெர்மனியைக் கிண்டல் செய்வார்கள்.

போலந்தில் உக்ரைன்காரர் ஒருவர் சில மாதத்தில் பேச்சைப் பிடித்துக்கொள்வார். இரண்டும் ஸ்லாவிய மொழிகள். போருக்கு முன்பே பல லட்சம் உக்ரைன் தொழிலாளர்கள் அங்கே இருந்ததால், வேலை சொல்லிவிட அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ உண்டு. அரசு உதவி குறைவு, ஆகவே கிடைத்த வேலைக்குப் போயே ஆக வேண்டும். கணக்காளர் ஒருவர் கிடங்கில் பெட்டி அடுக்கினாலும் புள்ளிவிவரத்தில் அவர் ‘வேலையில் இருப்பவர்’.

ஜெர்மனி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது: முதலில் மொழி, பிறகு வேலை. ஒருங்கிணைப்பு வகுப்பு என்று ஒன்று உண்டு. 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை நாட்டின் வரலாறு, சட்டம், சமூகம். பி1 நிலையை, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் நடுத்தர நிலையை, எட்ட வேண்டும். வகுப்பில் இடம் கிடைக்கக் காத்திருப்பு, பிறகு வகுப்பு, பிறகு தேர்வு, பிறகு முடிவு வரக் காத்திருப்பு. ஓராண்டு எளிதாகப் போய்விடும். அதற்கு மேல், அடுத்த படியான பி2 நிலைக்கான தொழில்மொழி வகுப்பு. இத்தனை காலமும் அவர் கணக்கில் வேலையற்றவர்.

குழந்தைக்கு யார்? ஓராண்டு நிரம்பிய ஒவ்வொரு குழந்தைக்கும் கிட்டா எனப்படும் பகல் பராமரிப்பு மையத்தில் இடம் பெறச் சட்டப்படி உரிமை உண்டு, 2013 முதல். உரிமை காகிதத்தில் இருக்கிறது, இடம் இல்லை. ஜெர்மன் தாய்மார்களே காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறார்கள். ஊரில் இருந்தால் பாட்டி பார்த்துக்கொண்டிருப்பாள். பாட்டியோ ஹார்கிவில் இருக்கிறாள். மூன்று வயதுக் குழந்தையோடு தனியாக இருக்கும் பெண் எந்த நேரத்தில் வகுப்புக்குப் போவாள், எந்த நேரத்தில் வேலைக்குப் போவாள்? ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்க்காத எந்த ஒப்பீடும் இந்த இடத்தில் ஏமாற்றும்.

2023 அக்டோபரில் அரசு பொறுமை இழந்தது. அன்றைய தொழிலாளர் அமைச்சர் ஹூபர்டுஸ் ஹைல் ‘ஜாப் டர்போ’ என்ற திட்டத்தை அறிவித்தார். பி1 முடித்தவர்கள், முடிக்காமல் போனவர்கள் எல்லோரையும் ஆறு வாரத்துக்கொரு முறை ஜாப் சென்டருக்கு அழைப்பது, மொழி போதாவிட்டாலும் ஒரு வேலையில் சேர்ப்பது, மீதி மொழியை வேலையிடத்திலேயே கற்றுக்கொள்ளச் சொல்வது. எண்ணிக்கை உயர்ந்தது உண்மை. அந்த வேலைகளில் பல துப்புரவு, சமையலறை, கிடங்கு. இதில் ஒளிந்திருக்கும் கண்ணி என்ன என்பதை வதிவிடம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கீவில் மருத்துவராக இருந்தவர் இங்கே மருத்துவராக முடியாதா?

முடியும். நெடுவழி.

மருத்துவம், செவிலியம், ஆசிரியப் பணி, சட்டம் போன்றவை ஜெர்மனியில் கட்டுப்படுத்தப்பட்ட தொழில்கள். மருத்துவருக்கு அப்ரொபாட்சியோன் எனும் உரிமம் வேண்டும். அதை வழங்குவது மாநில அதிகாரம். மொழியில் பொதுவாக பி2, அதன்மேல் மருத்துவ ஜெர்மனில், இன்னும் உயர்ந்த சி1 நிலையில் ஒரு தனித் தேர்வு. நோயாளியிடம் விவரம் கேட்பது, அறிக்கை எழுதுவது, சக மருத்துவரிடம் எடுத்துச் சொல்வது என மூன்று பகுதி. பிறகு பாடத்திட்டத்தை ஜெர்மன் பாடத்திட்டத்தோடு ஒப்பிடுவார்கள். இடைவெளி இருந்தால் அறிவுத் தேர்வில் தேற வேண்டும். ஒவ்வொரு சான்றிதழையும் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, முத்திரையோடு வாங்க வேண்டும். மரியுபோலில் வீடு எரிந்து போனவரிடம் மூலச் சான்றிதழ் எங்கே இருக்கும்?

ஆசிரியர்களின் கதை இன்னும் விசித்திரம். ஜெர்மன் பள்ளி ஆசிரியர் இரண்டு பாடங்கள் நடத்தத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பது பொது விதி. உக்ரைனில் வேதியியல் மட்டும் இருபது வருடம் நடத்தியவர் இங்கே அரை ஆசிரியர். ஜெர்மனியில் ஆசிரியர் பற்றாக்குறை கடுமையாக இருக்கும்போதே இந்த விதி அப்படியே நின்றது. பலரை உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள், அதுவும் ஒப்பந்தத்தில்.

வழக்கறிஞருக்கும் கணக்காளருக்கும் வேறு பிரச்சினை: கற்ற சட்டமே இங்கே செல்லாது. மென்பொருள் ஆள், அழகுக்கலைஞர், சந்தைப்படுத்தல் துறையினர் போன்றோருக்கு அங்கீகாரம் கட்டாயமில்லை. அவர்கள் வேகமாக நகர்ந்தார்கள்.

இன்னொன்று. உக்ரைனில் 2020 முதல் தியா என்ற செயலி உண்டு. ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, வரி எண் எல்லாம் கைபேசியில். அங்கிருந்து வந்தவர்களுக்கு ஜெர்மனியில் கிடைத்தது, தபாலில் வரும் கடிதமும் ‘இதைத் தொலைநகலில் அனுப்பவும்’ என்ற வரியும். முன்னேறிய நாடு என்று நம்பி வந்தவர்கள் பட்ட திகைப்பை நம்மூர் தாலுகா அலுவலகம் பார்த்தவர்கள்கூட அனுதாபத்தோடு புரிந்துகொள்வார்கள்.

எங்கே தங்குகிறார்கள்?

பெரும்பான்மையோர் வீடுகளில், முகாம்களில் இல்லை. 2022 கணக்கெடுப்பிலேயே முக்கால்வாசிப் பேர் தனியார் வீடுகளில் இருந்தார்கள். முதல் மாதங்களில் ஜெர்மன் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தந்தது பெரிய விஷயம். இரண்டு வாரம் என்று சொல்லி வைத்துக்கொண்டு எட்டு மாதம் வைத்திருந்தவர்கள் உண்டு. சமையலறையை யார் எப்போது பயன்படுத்துவது என்பதில் உறவு கசந்து பிரிந்தவர்களும் உண்டு.

சொந்த வாடகை வீடு தேடும்போதுதான் உண்மையான சுவர். பெர்லின், மியூனிக், ஹாம்பர்க் நகரங்களில் வேலையிலிருக்கும் ஜெர்மானியருக்கே வீடு கிடைப்பதில்லை. சம்பளச் சீட்டு, கடன்தகுதிச் சான்று, பழைய வீட்டுக்காரரின் கடிதம் கேட்பார்கள். புதிதாக வந்தவரிடம் மூன்றும் இருக்காது.

வீடு கிடைக்காதவர்களின் கதைக்கு பெர்லினின் டேகல்தான் உதாரணம். 2020இல் மூடப்பட்ட விமான நிலையம், 2022 மார்ச்சில் வரவேற்பு மையமானது. சில நாள் தங்கவைத்து மற்ற மாநிலங்களுக்கு அனுப்பும் திட்டம். ஓடுபாதை அருகே பெரிய பெரிய கூடாரங்கள், தடுப்புத் தட்டிகளுக்குள் வரிசையாக அடுக்குக் கட்டில்கள், கதவு கிடையாது. அங்கே ஓராண்டுக்கு மேல் இருந்தவர்கள் உண்டு. 2024 மார்ச்சில் ஒரு கூடாரம் தீப்பற்றி முழுக்க எரிந்தது, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களில் சிலர், மறுபடியும் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?

ஜெர்மன் பள்ளிகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான உக்ரைன் மாணவர்கள். தொடக்கத்தில் பலரை ‘வரவேற்பு வகுப்பு’ எனும் தனி வகுப்பில் வைத்து மொழி சொல்லிக்கொடுத்து, பிறகு பொது வகுப்புக்கு மாற்றினார்கள். சில மாநிலங்கள் நேராகவே பொது வகுப்பில் உட்காரவைத்தன.

முதல் இரண்டு ஆண்டு பல பிள்ளைகள் இரட்டைப் பள்ளி படித்தார்கள். காலையில் ஜெர்மன் பள்ளி, மாலையில் உக்ரைன் பள்ளியின் இணைய வகுப்பு. திரும்பிப் போனால் ஒரு வருடம் வீணாகக் கூடாதே என்று பெற்றோர் பிடித்த பிடிவாதம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது எப்படிப்பட்ட சுமை என்று சொல்லத் தேவையில்லை. போகப் போக பலர் உக்ரைன் வகுப்பை வாரத்தில் சில மணி நேரத்துக்குக் குறைத்துக்கொண்டார்கள்: மொழி, இலக்கியம், வரலாறு மட்டும்.

மதிப்பெண் முறையிலும் தலைகீழ். உக்ரைனில் 12 என்றால் முதலிடம். ஜெர்மனியில் 1தான் சிறந்தது, 6 என்றால் தோல்வி. ‘5 வாங்கினேன்’ என்ற பிள்ளையைப் பார்த்துப் பரவாயில்லை என்று நினைத்த தாய்மார்கள், பெற்றோர் கூட்டத்தில்தான் விஷயம் அறிந்தார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறு. ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் கிம்னாசியம் ஒருபுறம், தொழிற்பயிற்சி நோக்கிய பள்ளிகள் மறுபுறம். கணிதத்தில் கெட்டிக்காரியாக இருந்தும், மொழி வராத ஒரே காரணத்தால் கீழ்நிலைப் பள்ளியில் விழுந்த பிள்ளை பிறகு மேலே ஏறுவது சாத்தியம்தான், கடினம். துருக்கியத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அதே கதை.

ஆண்கள் ஏன் அதிகம் வரவில்லை? இப்போது இளைஞர்கள் வருகிறார்களாமே?

போர்க்காலச் சட்டப்படி 18 முதல் 60 வயதுவரையுள்ள ஆண்கள் உக்ரைனை விட்டு வெளியேற முடியாது என்றிருந்தது. மூன்றும் அதற்கு மேலும் பிள்ளைகள் உள்ளவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்ற விலக்குகள் உண்டு. இதனாலேயே பதினேழு முடியுமுன் மகனை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று பல குடும்பங்கள் பதைத்தன. 2025 ஆகஸ்ட் இறுதியில் கீவ் அரசு விதியைத் தளர்த்தி, 18 முதல் 22 வயதுவரை உள்ளவர்கள் எல்லை கடக்கலாம் என்றது. உடனே ஜெர்மனிக்கு வரும் இளைஞர் எண்ணிக்கை எகிறியது. அந்த நவம்பரில், இளைஞர்கள் உங்கள் நாட்டிலேயே இருக்கட்டும் என்று ஜெர்மன் சான்சலர் மெர்ஸ் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார்.

வெளிநாட்டில் இருக்கும் ஆண்களுக்கும் நெருக்கடி உண்டு. 2024 ஏப்ரலில் 18–60 வயது ஆண்களுக்கான தூதரகச் சேவைகளை உக்ரைன் நிறுத்தியது. பிறகு, ராணுவப் பதிவைச் சரிசெய்தால்தான் கடவுச்சீட்டு என்றானது.

வயதானவர்களுக்கு?

ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கு சமூக உதவித்தொகை. உக்ரைனிலிருந்து வரும் சிறு ஓய்வூதியம் வருமானமாகக் கழிக்கப்படும். மொழி கற்பது அவர்களுக்கு மிகக் கடினம். பெரும்பாலோர் பேரப்பிள்ளையின் மொழிபெயர்ப்பில் வாழ்கிறார்கள். நாஜிக்களின் இனப்படுகொலையில் உயிர்தப்பிய யூத முதியவர்கள் சிலரை 2022இல் உக்ரைனிலிருந்து அழைத்துவந்து ஜெர்மன் முதியோர் இல்லங்களில் சேர்த்தார்கள். சிறு வயதில் ஜெர்மன் படையிடமிருந்து ஓடியவர்கள், எண்பது வயதுக்கு மேல் ரஷ்யக் குண்டுகளிலிருந்து தப்பிக்க ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார்கள்.

சிரியருக்கும் ஆப்கானியருக்கும் கிடைக்காதது இவர்களுக்கு மட்டும் ஏன்? நம் ஆட்கள் வந்தபோது இப்படி இருந்ததா?

இல்லை. 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் வந்த காலத்தைப் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் டுல்டுங்: ‘இப்போதைக்கு நாடு கடத்தமாட்டோம்’ என்று மட்டும் சொல்லும் ஒரு தாள். புகலிடம் கோருவோர் வேலை செய்யத் தடை இருந்தது. 1987இல் அந்தத் தடையை ஐந்தாண்டாக நீட்டினார்கள், 1991இல் விலக்கினார்கள். அறையில் எட்டுப் பேர், கையில் உணவுச் சீட்டு, மாவட்ட எல்லை தாண்ட அனுமதி. அந்தத் தலைமுறை தமிழரிடம் உக்ரைன் மக்களைப் பற்றிப் பேசினால் முகத்தில் ஒரு கணம் வந்து போகும் உணர்வைப் பொறாமை என்று சொல்லிவிடக் கூடாது.

காரணங்களைப் பிரித்துப் பார்க்கலாம். உக்ரைன் ஒன்றியத்தின் எல்லையைத் தொட்டு நிற்கும் நாடு, விசா தேவையில்லை, வேறு எங்கேயும் இடையில் தடுத்து நிறுத்த முடியாது. போரிடும் எதிரி ஐரோப்பாவுக்கும் அச்சுறுத்தல் என்ற அரசியல் கணக்கு இருந்தது. வந்தவர்கள் பெண்களும் குழந்தைகளும். இத்தனைக்கும் மேலே, வெள்ளைத் தோலும் கிறிஸ்தவப் பின்னணியும் வேலை செய்தன என்பதை மறைக்க எந்த நியாயமும் இல்லை. 2022இல் சில தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் அதை வாய்விட்டே சொன்னார்கள்.

எனக்கு இதிலிருந்து தோன்றுவது உக்ரைன் மக்களுக்குக் கொடுத்ததைக் குறைக்க வேண்டும் என்பதல்ல. முதல் நாளிலேயே வேலை அனுமதி கொடுத்தால் வானம் இடிந்து விழுந்துவிடாது என்பதை ஒரு கோடி சந்தேகங்களுக்கு நடுவே நிரூபித்திருக்கிறார்கள். அதை மற்றவர்களுக்கு மறுப்பதற்கு இனி ‘நிர்வாகச் சிரமம்’ என்று சாக்குச் சொல்வது கடினம்.

உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த தமிழக மாணவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைத்ததா?

கிடைக்கவில்லை. உக்ரைனில் நிரந்தர வதிவிடம் இருந்து, சொந்த நாட்டுக்குப் பாதுகாப்பாகத் திரும்ப முடியாத பிறநாட்டவருக்குத்தான் உரிமை தந்தார்கள். மாணவர் அனுமதி தற்காலிகமானது. இந்தியா பாதுகாப்பான நாடு. ஆகவே சுமார் 22,500 இந்தியர்கள் இந்திய அரசின் மீட்புத் திட்டமான ஆபரேஷன் கங்கா மூலம் போலந்து, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா வழியாக நாடு திரும்பினார்கள். எல்லையில் உக்ரைன் மக்களை முதலில் விட்டுவிட்டு, தங்களை மணிக்கணக்கில் பனியில் நிறுத்தியதாக அப்போது பல இந்திய, ஆப்பிரிக்க மாணவர்கள் சொன்னார்கள். வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறிப் படிக்கத் தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் அனுமதித்தது.

நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ பெற முடியுமா?

எல்லாவற்றுக்கும் முடிச்சு இங்கேதான்.

பிரிவு 24 அனுமதியை வைத்துக்கொண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. சட்டம் அந்த அனுமதியைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. 2024 ஜூனில் ஜெர்மனி குடியுரிமைக்கான காலத்தை எட்டிலிருந்து ஐந்து ஆண்டாகக் குறைத்து, இரட்டைக் குடியுரிமையையும் அனுமதித்தது. உக்ரைனும் 2025 ஜூனில் பல்குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டு பக்கமும் கதவு திறந்த மாதிரி இருக்கும். ஆனால் பிரிவு 24இல் இருப்பவர் முதலில் வேறு அனுமதிக்கு மாறியாக வேண்டும்.

மாற வழிகள்: தகுதியுள்ள தொழிலாளர் அனுமதி, உயர்கல்வி பெற்றவர்களுக்கான ப்ளூ கார்டு, தொழிற்பயிற்சி அனுமதி, ஜெர்மானியரை அல்லது இங்கே குடியேறியவரை மணத்தல். முதல் இரண்டுக்கும் அங்கீகரிக்கப்பட்ட கல்வித் தகுதியும், தகுதி தேவைப்படும் வேலையும், அரசு உதவியின்றி வாழப் போதுமான சம்பளமும் வேண்டும். இப்போது ஜாப் டர்போவை நினைத்துப் பாருங்கள். பொறியாளரான பெண்ணை மொழி அரைகுறையாக இருக்கும்போதே உணவகச் சமையலறைக்கு அனுப்பினால் புள்ளிவிவரம் அழகாகும். வரி கட்டுவாள், உதவித்தொகை வாங்கமாட்டாள். ஆனால் அந்த வேலை எந்த நீண்டகால அனுமதிக்கும் அவளைத் தகுதியாக்காது. மொழி படித்துக்கொண்டே காத்திருந்தவளைச் சோம்பேறி என்பார்கள். சமையலறைக்குப் போனவளுக்கு 2027 மார்ச்சுக்குப் பிறகு என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே அரசின் இரண்டு கைகள் எதிரெதிராக இழுக்கின்றன.

வேலையில் இருப்போர் தகுதிப் படிநிலை பார்க்காமல் சாதாரண வதிவிடத்துக்கு மாற எளிய வழி வேண்டும் என்பதுதான் நியாயமான தீர்வு. செக் குடியரசு சொந்தக் காலில் நிற்கும் உக்ரைன் மக்களுக்கென்று ஒரு நீண்டகால வதிவிடத்தை உருவாக்கியது. வருமான வரம்பு அதிகம் என்ற குறையோடு. 2025 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் உறுப்பு நாடுகள் இப்படி மாற்று வழிகளைத் திறக்கட்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயமில்லை.

போர் நின்றுவிட்டால் எல்லோரையும் அனுப்பிவிடுவார்களா?

ஜெர்மனி ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறது. 1990களில் போஸ்னியாவிலிருந்து சுமார் மூன்றரை லட்சம் பேர் வந்தார்கள். 1995 டிசம்பரில் அந்தப் போரை முடித்த டேட்டன் ஒப்பந்தம் கையெழுத்தானதும், 1996 முதலே திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். தங்கள் கிராமம் இப்போது எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது என்று சொன்னவர்களும் அதில் உண்டு. ஜெர்மன் பேசப் பழகியிருந்த பல குடும்பங்கள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்தன.

இந்த முறை அவ்வளவு எளிதில் நடக்காது. முதியோர் பராமரிப்பு, மருத்துவமனை, பேருந்து ஓட்டுநர் என்று ஆள் தட்டுப்பாட்டில் ஜெர்மனி தவிக்கிறது. வேலையில் இருப்பவரை விடமாட்டோம் என்று முதலாளிகளே நிற்பார்கள். மாட்டிக்கொள்ளப் போவது தனித்தாய், நோயாளி, முதியவர்.

அவர்களே திரும்ப விரும்புகிறார்களா?

2022இல் கேட்டபோது 37 சதவீதத்தினர் நிரந்தரமாகவோ பல ஆண்டுகளோ தங்க விரும்பினார்கள். 2023 தொடக்கத்தில் அது 44 சதவீதம். போர் நீள நீள இந்த எண் ஏறும். சொந்த ஊர் எது என்பதும் முக்கியம்: மேற்கே இருக்கும் லிவிவ்காரர் திரும்புவதைப் பற்றிப் பேசலாம், போரில் தரைமட்டமான மரியுபோலுக்கும் பாக்முத்துக்கும் திரும்புவது எங்கே?

உக்ரைனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. போருக்கு முன்பே மக்கள்தொகை சுருங்கிக்கொண்டிருந்த நாடு, பிள்ளை பெறும் வயதுப் பெண்களை இழந்திருக்கிறது. 2024 டிசம்பரில் வெளிநாட்டு உக்ரைன் மக்களைத் திரும்ப அழைக்கவென்றே ஓர் அமைச்சகம் அமைத்தார்கள். ஜெர்மனி ஒருங்கிணைக்கிறது, உக்ரைன் அழைக்கிறது, நடுவில் பத்து வயதுப் பையன் தன் ஜெர்மன் நண்பர்களோடு கால்பந்து ஆடுகிறான். அவன் பதினெட்டைத் தொடும்போது எந்தப் பக்கம் இருப்பான் என்பதைத்தான் தாய்மார்கள் கணக்குப் போடுகிறார்கள்.

இடையில் ஊருக்குப் போய்வரலாமா? அனுமதி பறிபோகாதா?

போய்வரலாம். அகதி அந்தஸ்து பெற்றவர் சொந்த நாட்டுக்குப் போனால் அந்தஸ்தே கேள்விக்குள்ளாகும்; பிரிவு 24இல் அப்படியில்லை. ஆனால் உதவித்தொகை வாங்குபவர் முன்கூட்டியே ஜாப் சென்டரிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், ஆண்டுக்குப் பொதுவாக மூன்று வாரம்தான். சொல்லாமல் போனால் அந்த நாட்களுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அனுமதியே சிக்கலாகும்.

உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. பெர்லினிலிருந்து பேருந்து, அல்லது போலந்தின் பிஷெமிஷ்ல் வரை ரயிலில் போய் அங்கிருந்து உக்ரைனின் அகலப் பாதை ரயில். எல்லையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் கீவ் போய்ச் சேர ஒரு நாளுக்குக் குறையாது. பெண்களும் குழந்தைகளும் போய்த் திரும்புவதில் தடையில்லை. 23 முதல் 60 வயதுக்குள் இருக்கும் ஆண், விலக்கு எதுவும் இல்லாவிட்டால், உள்ளே போனபின் திரும்பி வெளியே வர முடியாது. தந்தை மரணத்துக்குக்கூடப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டவர்கள் உண்டு.